மாதிரி மெத்தையில் இல்லாத கறை

அன்புள்ள உங்களுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னியுங்கள். குட்டி இப்போதுதான் தூங்கினான். அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஆஸ்பத்திரி ஸ்டோரில் ஒரு சிக்கல். குழந்தைகள் வார்டுக்கு மெத்தை வாங்க டெண்டர் விட்டார்களே, சரக்கு வந்துவிட்டது. கை வைத்து அழுத்தினால் அடியில் கட்டில் கம்பி தட்டுப்படுகிறது. டெண்டரின்போது கம்பெனிக்காரர்கள் கொடுத்த மாதிரி மெத்தையைத் துணி சுற்றி, அரக்கு முத்திரை வைத்துப் பூட்டி வைத்திருந்தோம். அதோடு ஒப்பிட்டுப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு உள்ளே போகும். எல்லார் முன்னாலும் பிரித்தோம். மாதிரியும் அதே சொத்தை! “ரெண்டும் ஒண்ணுதானேம்மா, போடு கையெழுத்த” என்கிறார் சூப்பிரண்டு.

ஆனால் அது அந்த மெத்தையே இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், சிரிக்காதீர்கள். முத்திரை வைத்த அன்று அத்தை கண் டாக்டரிடம் போயிருந்தார். குட்டியை ஆபீசுக்குத் தூக்கிப்போய், மத்தியானம் அந்த மாதிரியின் மேல்தான் தூங்க வைத்தேன். நம் குட்டித் துரை அதை நனைத்துவிட்டார். ஃபேனில் காய வைத்து, கறை அடியில் போகும்படி திருப்பி நானே சுற்றினேன். இப்போது இருப்பதில் எந்தப் பக்கமும் கறை இல்லை.

சூப்பிரண்டிடம் தனியாகச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “அப்ப எழுதிக் குடு. அரசாங்கச் சாமான்ல பிள்ளையத் தூங்க வெச்சேன், ஈரம் பண்ணிட்டான், மறைச்சேன்னு. மொதல் மெமோ ஒனக்குத்தான். அப்புறம் மாற்றல்” என்றார். மாற்றல் வந்தால் குட்டியை யார் பார்ப்பார்கள்? இந்தக் காலோடு அத்தையை எங்கே இழுத்துக்கொண்டு போவேன்?

போன மாதம் மூச்சிரைப்பு வந்து குட்டி அதே வார்டில்தானே கிடந்தான். ராத்திரி முழுக்க அவன் முதுகுக்கும் கம்பிக்கும் நடுவில் என் கையை வைத்திருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாவிடம், புது மெத்தை வருகிறது என்று பெருமையாக வேறு சொல்லிவிட்டேன்.

அலுத்துப்போய்விட்டது. எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. வருவது வரட்டும் என்று நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேண்டாம் என்றாலும் சொல்லிவிடுங்கள். கையெழுத்தைத் தள்ளிப்போட, குட்டிக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டிருக்கிறேன். பிள்ளைக்கு இல்லாத காய்ச்சலை எத்தனை நாள் இழுப்பது? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா