இடது கைக் கடிதங்கள்

மார்ச் 4

அன்புள்ள டீச்சருக்கு,

இங்கு நான் சுகம். மகள் வீட்டில் நீயும் சுகம் என்று நம்புகிறேன். உன் வலது மணிக்கட்டுக் கட்டைப் பிரித்தாயிற்று என்று அவள் சொன்னாள். போனில் உன்னிடம் ஒன்று கேட்க நினைத்தேன். நீ எடுத்ததும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நம் வீட்டில் புகுந்த இரண்டு பையன்களையும் பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கு மாற்றும்படி அரசு வக்கீல் கேட்டிருக்கிறார். மாற்றினால் பெரியவர்கள் சிறைதான். மூத்தவனுக்கே பதினேழு வயது, சின்னவனுக்குப் பதினாறு. பாதிக்கப்பட்ட நாம் இருவரும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சீர்திருத்தப் பள்ளியோடு விட வாய்ப்பு உண்டாம். ஒரு மனு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாம் பத்தி இன்னும் சரியாக வரவில்லை. ‘கருணை’ என்றால் பெரிய மனிதன் தோரணை வருகிறது. ‘சலுகை’ என்றால் துணிக்கடை மாதிரி இருக்கிறது.

ஒரு சிக்கல். உன் கையெழுத்து அடையாள அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறார் நீதிமன்ற எழுத்தர். உனக்கு இப்போது இடது கைதான் என்று சொன்னேன். “அப்போ கைநாட்டு வெச்சுடச் சொல்லுங்க சார், வேலை முடிஞ்சுது” என்றார்.

உன் விருப்பம் தெரியாமல் எதுவும் செய்யமாட்டேன். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். உன் தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடியிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 11

வீட்டுக்காரருக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தையல் வகுப்பில் எத்தனை பேருக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவள் நான். கைநாட்டு வைக்கமாட்டேன்.

சாவி தொலைந்தால் எடுத்தவர் திருப்பித் தரட்டும் என்று, சாவியிலேயே வீட்டு விலாசத்தை எழுதிக் கட்டிய மனிதர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். நூலக வேலையைவிட்டு வந்தாலும் சீட்டு ஒட்டும் புத்தி போகவில்லை. எடுத்தவர்கள் கொண்டுதான் வந்தார்கள். மணி அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

என் கைப்பையைப் பிடித்து இழுத்தவன் சின்னவன். தள்ளியவன் மூத்தவன். நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். பார்க்காதவர் மன்னிப்பார், பார்த்தவள் கையெழுத்துப் போட வேண்டுமா?

நேற்று பேத்தி ஜடை பின்னிவிடச் சொன்னாள். முடியவில்லை. அதையும் மனுவில் எழுதுங்கள், இரண்டாம் பத்தி நிரம்பிவிடும்.

உறைக்குள் ஈரம் சேர்ந்தால் மெஷின் துருப்பிடிக்கும். கழற்றிவிடுங்கள். கை வலிக்கிறது, நிறுத்துகிறேன்.

டீச்சர்

மார்ச் 17

அன்புள்ள டீச்சருக்கு,

நீ கேட்டது நியாயம். உன் கை உடைந்ததை நான் மன்னிக்க முடியாது. வேண்டுமானால் என் கைக்கடிகாரம் போனதை மன்னிக்கலாம். அது ஏற்கெனவே பிந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு இருப்பது இரக்கமா பயமா என்றும் யோசித்தேன். சிறையிலிருந்து வந்து கதவைத் தட்டுவார்களோ என்ற பயம் இருக்கிறது. சாவியில் விலாசம் எழுதிய கூச்சமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. பூட்டுகளை மாற்றிவிட்டேன். புதுச் சாவிகளில் சீட்டு இல்லை. எது எந்தக் கதவுக்கு என்று தெரியாமல் நேற்று வாசலிலேயே நின்றேன்.

விசாரணைக்குப் போயிருந்தேன். பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவனின் அம்மா என்னிடம் வந்து, “ஐயா, அந்தம்மா கை எப்படி இருக்கு?” என்றார். தேவலை என்றேன். வேறொன்றும் அவர் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. டீ வாங்கித் தரட்டுமா என்றேன். “வேணாங்கய்யா, எதுவும் இறங்காது” என்றார்.

நீ போடாவிட்டால் நானும் கையெழுத்துப் போடவில்லை. ஒருவர் மட்டும் போட்டால் நன்றாக இருக்காது.

உறையைக் கழற்றிவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 24

வீட்டுக்காரருக்கு,

அழுகின தக்காளியைக் கடையில் திருப்பிக் கொடுக்கவும் என்னைத்தான் அனுப்புவீர்கள். இரக்கப்படவும் நான்தான் முன்னால் போக வேண்டுமா? உங்களுக்குத் தோன்றினால் உங்கள் பெயரில் போய்ச் சொல்லுங்கள். என் முந்தானைக்குப் பின்னால் நின்று சொல்ல வேண்டாம்.

சின்னவன் சட்டையில் இரண்டாவது பொத்தான் வேறு நிறம். முடிச்சுப் போடத் தெரியாமல் நூலைச் சுற்றிச் சுற்றி விட்டிருந்தது. அவனேதான் தைத்திருப்பான். பையை இழுத்தபோது என் கண்ணுக்கு நேரே இருந்தது. இதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

டீச்சர்

ஏப்ரல் 2

அன்புள்ள டீச்சருக்கு,

போனேன். என்னிடம் இருந்த மனு நகலில் என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கூண்டில் ஏறும்போது கண்ணாடியை மேஜையில் விட்டுவிட்டதால் யார் முகமும் தெரியவில்லை. அது ஒருவகையில் வசதியாக இருந்தது.

“இதைப் பயத்துல சொல்றீங்களா?” என்று அரசு வக்கீல் கேட்டார்.

“பயம் இருக்குங்க. பயம் போனப்புறமும் இதையேதான் சொல்வேன்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா?”

“எதையும் நிச்சயமாச் சொல்ற பழக்கம் எனக்கு இல்லீங்க.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதியம்மா சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். “அடிபட்டவங்க என்ன சொல்றாங்க?” என்று கேட்டார்.

“அதை நான் சொல்ல முடியாதுங்கம்மா. அது அவங்க கை” என்றேன்.

முடிவை இருபதாம் தேதிக்குத் தள்ளியிருக்கிறார். உன் இடம் காலியாக இருக்கிறது. காலியாகவே இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. மெஷினைத் தினமும் துடைக்கிறேன். நீ வருவாய் என்று எதிர்பார்த்து அல்ல, தூசி படிகிறது.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 12

வீட்டுக்காரருக்கு,

இது வலது கை. இவ்வளவு எழுதவே ஒரு காலைப்பொழுது போய்விட்டது.

நீங்கள் முதலில் அனுப்பிய மனுவில் உங்கள் இரண்டாம் பத்தியை அடித்துவிட்டு என்னுடையதை எழுதியிருக்கிறேன். ‘நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் இவர்களைப் பெரியவர்கள் சிறைக்கு அனுப்ப வேண்டாம்.’ இவ்வளவுதான். இதைத் திருத்தக் கூடாது. மூத்தவனுடைய அம்மாவிடம் கை இன்னும் வலிக்கிறது என்று சொல்லுங்கள். தேவலை என்று நீங்களாகச் சொன்னது பொய்.

சீர்திருத்தப் பள்ளியில் தையல் வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் சின்னவனை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். நான் அவனைப் பார்க்க வேண்டியதில்லை.

பேத்திக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் வருகிறேன். புதுச் சாவி ஒன்று அனுப்புங்கள். சீட்டு வேண்டாம்.

மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போகாது. எழுத்தர் கேட்டால், காரணம் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

டீச்சர்