இரண்டு பட்டன்

ஓசூர்,
8.8.1994

அன்புள்ள அற்புதமேரிக்கு,

வெங்கடம்மா எழுதுவது. ஏழு வருஷமாகக் கிறிஸ்மஸ் கார்டு மட்டும் அனுப்பியவள் திடீரென்று நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். முதல் மூன்று பக்கம் நலம் விசாரிப்பு, நாலாம் பக்கத்தில் காரியம். வியாபாரிக்குக் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற பழக்கம் உண்டு. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன் வீட்டுக்காரர் ஜேம்ஸ் தூத்துக்குடியில் இரண்டு படகு வைத்து, சுற்றுலா வருகிறவர்களைத் தீவுக்குக் கூட்டிப் போகிறார். மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன் போட்டு இடம் சொல்லி வைக்கிறார்கள். கடல் சரியில்லாத நாளில் படகு போவதில்லை. மறுநாள் இரண்டு நாள் கூட்டமும் ஒன்றாக வந்து நிற்கிறது, அடிதடி. நோட்டில் எழுதி மாளவில்லை, கம்ப்யூட்டரில் முடியுமா என்று கேட்கிறாய். முடியும்.

நம் கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்த பிறகு, ஜூஜுவாடிப் பட்டறைகளுக்கு சைக்கிளில் கையுறையும் மெஷின் துடைக்கிற பஞ்சு வேஸ்டும் கொண்டுபோய் விற்றேன். அப்புறம் ஒரு வருஷம் பஸ் ஏறிப் பெங்களூர் போய் ஃபாக்ஸ்புரோ என்கிற கம்ப்யூட்டர் பாடம் படித்தேன். இன்றைக்குப் பதினெட்டுப் பட்டறைகளின் சம்பளக் கணக்கு என் புரோகிராமில்தான் ஓடுகிறது. கடலைக் காலண்டரில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அதனால் என்ன, லேத் மெஷினையும் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தேன்.

பாப்பம்மா என் கடையில்தான் இருக்கிறாள். எட்டு விரலால் டைப் அடிக்கிறாள். பத்து விரல் உள்ளவர்களை விட வேகம்.

இப்படிக்கு,
வெங்கடம்மா


தூத்துக்குடி,
20.9.1994

அன்புள்ள அக்காவுக்கு மேரி எழுதுவது.

எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் கடை நல்லபடி நடக்கவும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

பிளாப்பி வந்தது. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் பெட்டியில் போட்டுப் பார்த்தோம். முதல் கேள்வியே "இன்று மழை உண்டா, இல்லையா" என்று வருகிறது. உண்டு என்று அடித்தால் எல்லா டிக்கெட்டையும் தள்ளிப் போடுகிறது. எங்கள் தண்டல் ஜான்பீட்டர் பார்த்துவிட்டு, "யாருலே இதச் செஞ்சது, மலங்காட்டுக்காரனா?" என்று கேட்டுச் சிரித்தார். தண்டல் என்றால் படகை ஓட்டுகிற தலைவர். நானும் ஓசூர்ப் பக்கத்து மத்திகிரியில் பிறந்தவள்தானே, வந்த புதிதில் எனக்கும் மழைதான் பயம். மழையில் படகு பேசாமல் போய் வரும் அக்கா. காற்றுதான் ஆகாது. வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும், ஆனால் வாடைக்காற்று பிடித்துவிட்டால் தீவுக்குப் பக்கத்தில் அலை புரளும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்ற மாட்டார்கள், ரேடியோவிலும் சொல்ல மாட்டார்கள். விடியற்காலையில் தண்டல் கரையில் போய் நின்று பார்த்து, போகலாம் அல்லது வேண்டாம் என்று சொல்வார். அதுதான் இங்கே வழக்கம். முதலாளியானாலும் அதற்கு மேல் பேசுவதில்லை. இதுவரைக்கும்.

பாப்பம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்தேன்.

அன்புடன்,
மேரி


ஓசூர்,
10.10.1994

அன்புள்ள மேரி,

மழை கேள்வியைத் தூக்கிவிட்டேன். ஓசூரில் நாலு தூறல் விழுந்தால் பாதிப் பேர் ஷிப்டுக்கு வர மாட்டார்கள், அந்த ஞாபகத்தில் எழுதிவிட்டேன். "கடலுக்கே குடை பிடிச்சிட்டியேக்கா" என்று பாப்பம்மா ரெண்டு நாளாகச் சொல்லிக் காட்டுகிறாள்.

புதிய பிளாப்பி இத்துடன். முன்கூட்டிப் பதிவு செய்கிறவர்களுக்கு வெறும் சீட்டுதான். படகு டிக்கெட் அன்று காலையில்தான் அச்சாகும். அதற்கு இரண்டு எண் அடிக்க வேண்டும். ஒன்று முதலாளி எண், ஜேம்ஸுக்கு. இன்னொன்று தண்டல் எண், ஜான்பீட்டருக்கு மட்டும். இரண்டும் விழுந்தால்தான் பிரிண்டர் ஓடும். ஒன்று விழவில்லையென்றால் அன்றைய ஆட்களைப் பதிவு வரிசைப்படி அடுத்த நல்ல நாளுக்குத் தள்ளும். படகில் உள்ள இடத்துக்கு மேல் ஒரு ஆளைக்கூட ஏற்றாது.

டிக்கெட்டின் கீழே ஒரு வரி வரும்: "கடல் பார்த்துச் சொன்னவர்: தண்டல் ஜான்பீட்டர்." இது என் வியாபார புத்தி. பெயர் போட்ட சரக்கைத்தான் ஜனங்கள் நம்புவார்கள்.

வெங்கடம்மா


தூத்துக்குடி,
5.12.1994

அன்புள்ள அக்கா,

மெஷின் நன்றாக ஓடுகிறது. சண்டை நின்றுவிட்டது. மதுரை பஸ் ஏஜெண்டுகள் தண்டல் பெயர் போட்ட டிக்கெட்டைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். ஜான்பீட்டர் ஒரு டிக்கெட்டை வீட்டில் மாதா படத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறார்.

இப்போது ஒரு சங்கடம். கிறிஸ்மஸுக்கும் வருஷப் பிறப்புக்கும் இருபது பஸ் வருகிறது. அந்த வாரம் வாடை பலமாக இருக்கும் என்று ஜான்பீட்டர் இப்போதே சொல்கிறார். பக்கத்துப் படகுக்காரர்கள் எப்படியும் போவார்கள். தண்டல் எண் இல்லாமலே டிக்கெட் அச்சாகிற மாதிரி மாற்றித் தரச் சொல்கிறார் என் வீட்டுக்காரர். "படகு என்னுது, பெட்டி என்னுது, நம்பர் மட்டும் கூலிக்காரனுதா?" என்று கேட்கிறார். ஒரு சின்ன மாற்றம்தானே அக்கா. எனக்காகச் செய்யுங்கள். வீட்டில் நிம்மதி வேண்டும்.

மேரி


ஓசூர்,
14.12.1994

மேரி,

மாட்டேன்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு நேரமில்லை. நாம் ஓட்டிய, தகடு வெட்டுகிற பவர் பிரஸ்ஸில் ஏன் இரண்டு பட்டன் இருந்தது? வலது கை ஒன்றில், இடது கை ஒன்றில். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், அப்போது எந்தக் கையும் உள்ளே இருக்காது. உற்பத்தி போதவில்லை என்று மேஸ்திரி என்ன செய்தார்? ஒரு பட்டனில் மரக்குச்சி சொருகினார். ஒரு கையால் தகடு வை, ஒரு கையால் அழுத்து. சின்ன மாற்றம்தான். ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரு நாள் பாப்பம்மாவின் இரண்டு விரல் தகட்டோடு போனது.

குச்சியைச் சொருகியது பாப்பம்மாவேதான் என்று எழுதிய தாளைக் கம்பெனியில் நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை, மறுநாள் கேட்டுக்கு வெளியே நின்றேன். நீ போட்டாய். எட்டு வருஷத்தில் இதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதும் கேட்டிருக்க மாட்டேன். என் கையாலேயே குச்சி சொருகித் தரச் சொல்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரருக்குப் பதில் இது: படகு அவருடையது, பெட்டி அவருடையது. உள்ளே ஏறுகிற உயிர் அவருடையதில்லை.

வெங்கடம்மா


தூத்துக்குடி,
20.12.1994

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அவரே பிரித்துப் படித்துவிட்டார். அன்றைக்கே ஜான்பீட்டரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். இருபது வருஷம் இந்தக் குடும்பத்துப் படகில் நின்ற மனிதர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

நீங்கள் தைரியசாலி. உங்களுக்குக் கேள்வி கேட்க யாருமில்லை. எனக்கு அன்றைக்கு வீட்டில் மூன்று தங்கைகள், என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அதை நீங்கள் ஒரு நாளாவது நினைத்தீர்களா? கையெழுத்துப் போட்ட கையால்தான் எட்டு வருஷமாகச் சோறு சாப்பிடுகிறேன். அது எப்படி இறங்குகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

படகு ஓட்டக் கூலிக்கு வேறு ஆள் வைத்துவிட்டார், ஆனால் தண்டல் எண்ணுக்கு இனி ஆள் இல்லை. மதுரையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரர் வந்து பெட்டியைப் பார்த்தார். உடைக்க முடியாது, புதிதாகச் செய்ய ஒரு மாதம் ஆகும் என்றார். வருஷப் பிறப்புக்கு முன் புது எண் அனுப்பச் சொல்கிறார் என் வீட்டுக்காரர். நீங்கள் அனுப்பாவிட்டால் நான் இனி உங்களுக்கு எழுதக்கூடாது என்பது அவர் உத்தரவு.

மேரி


ஓசூர்,
24.12.1994

மேரிக்கு,

உன் மூன்று தங்கைகளை நான் நினைக்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். கோபத்தில் இருந்தேன். கோபம் வந்தால் எனக்கு மற்றவர் வீட்டு அடுப்பு கண்ணில் படாது.

இந்த பிளாப்பியைப் பெட்டியில் போட்டால் ஜான்பீட்டரின் எண் அழிந்துவிடும். அந்த இடத்துக்குப் புது எண்ணைத் தனி உறையில் ஒட்டி, கூரியர்காரரிடம் உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எண் உன் பெயரில். டிக்கெட்டில் இனி "கடல் பார்த்துச் சொன்னவர்: அற்புதமேரி" என்று வரும்.

ஜேம்ஸ் அவர்களுக்கு இந்த எண் கிடையாது. நீ கொடுத்தால் கிடைக்கும். கொடுக்காதே என்று எழுத மாட்டேன். உன் வீடு, உன் பிழைப்பு. ஏன் கொடுத்தாய் என்று ஒருநாளும் கேட்க மாட்டேன். ஆனால் கொடுத்துவிட்டால் எனக்கு எழுதாதே. அது அவர் உத்தரவாக இருக்க வேண்டாம், என்னுடையதாக இருக்கட்டும்.

வெங்கடம்மா


தூத்துக்குடி,
3.1.1995

அன்புள்ள அக்கா,

எழுதுகிறேன். அதிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்றாம் தேதி இருட்டு பிரியும்போது ஜான்பீட்டர் வீட்டுக்குப் போனேன். வேலையை விட்டு நிறுத்தியவர் வீட்டு வாசலில் நிற்க வெட்கமாக இருந்தது. அவர் என்னோடு கரைக்கு வந்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. "தீவுப் பக்கம் அலை வெள்ளையாப் பொரியுது பாரு தாயி. போவாத" என்றார்.

கவுண்டரில் என் வீட்டுக்காரர் தன் எண்ணை அடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"நம்பரச் சொல்லு."

"கடல் சரியில்ல. இன்னைக்குப் படகு போகாது."

"நீ கடலப் பாத்த? மத்திகிரிக்காரி?"

"பாத்தேன். பக்கத்துல ஜான்பீட்டர் அண்ணன் நின்னாரு."

பெட்டியைத் தட்டினார், பிரிண்டரைத் தட்டினார். கடைசியில் பழைய நோட்டைக் கிழித்துக் கையாலேயே டிக்கெட் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். மதுரை ஏஜெண்ட் ஒருவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அச்சடிச்ச டிக்கெட்டு எங்கண்ணே? கீழ ஒரு பேரு வருமே, அது இல்லயே" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். நான், "பேரு போட வேண்டியவ நான்தான். போடல" என்றேன். கூட்டம் கலைந்தது. பாதிப் பேர் மறுநாளுக்குத் தள்ளி வாங்கினார்கள். பாதிப் பேர் பக்கத்துப் படகில் ஏறினார்கள்.

பக்கத்துப் படகு போய்விட்டுத் திரும்பியும் வந்தது. எல்லோரும் நனைந்து வாந்தி எடுத்துக்கொண்டு வந்தார்கள், வேறு ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா, ஒண்ணும் ஆவல" என்று என் வீட்டுக்காரர் மூன்று நாளாகச் சொல்லிக் காட்டுகிறார். சொல்லட்டும். அந்தக் குச்சி இருந்த ஒரு மாதமும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் நேற்றும் இன்றும் காலையில் நான் ஜான்பீட்டர் அண்ணனைக் கேட்டுவிட்டு வந்து என் எண்ணை அடித்தேன், என் வீட்டுக்காரர் தன் எண்ணை அடித்தார். பக்கத்தில் பக்கத்தில் நின்று, முகத்தைப் பார்க்காமல். பிரிண்டர் ஓடுகிறது. எண்ணைக் கேட்பதை நேற்றிலிருந்து விட்டுவிட்டார்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். 1986இல் பிரஸ்ஸில் குச்சியைச் சொருகியது மேஸ்திரி என்றும், அதை நான் கண்ணால் பார்த்தேன் என்றும், பாப்பம்மா சொருகியதாக நான் போட்ட கையெழுத்து பொய் என்றும் எழுதி என் பெயரைப் போட்டிருக்கிறேன். இப்போது இது எந்த ஆபீசிலும் செல்லாது, தெரியும். பாப்பம்மாவிடம் கொடுங்கள். அவள் வாங்க மாட்டேன் என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள்
மேரி


ஓசூர்,
12.1.1995

அன்புள்ள மேரி,

தாளைப் பாப்பம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். மடித்து, டைப் மெஷின் உறைக்குள் வைத்தாள். சூளகிரிப் பட்டறை ஒன்றின் சம்பளப் பட்டியலைத் தப்பில்லாமல் அடித்து முடித்தாள்.

உனக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "மன்னிச்சேன்னு எழுதாதக்கா. அது இன்னும் வரல. வந்தா நானே எழுதறேன்" என்றாள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன், சரக்கை எடை குறைத்துக் கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை.

கடையை அடைக்கும்போது தானாகவே ஒன்று கேட்டாள். அந்தப் படகில் அவளுக்கு ஒரு இடம் வேண்டுமாம். ஓசி வேண்டாம், காசு கொடுத்துத்தான் வருவாளாம். நானும் கூட வருகிறேன், நான் செய்த சாமானை நான் ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா?

ஆகவே இரண்டு இடம் பதிவு செய்து வை. பெயர் பாப்பம்மா, வெங்கடம்மா. ஊர் ஓசூர். தேதி என்கிற இடத்தைக் காலியாக விடு. நீ போகலாம் என்று சொல்கிற நாளில் வருகிறோம்.

வெங்கடம்மா