பொறுப்பாளர் பூட்டிய ஹேங்கர்

ஐப்பசி 14, சனி

காரைக்குடி ஓடுதளத்துக்கு இந்த மாதம் நான்காவது முறையாகப் போனேன். என் சின்ன விமானம் நிற்கும் ஹேங்கரில் மறுபடியும் பூட்டு. புதிதாக வந்த பொறுப்பாளரின் உத்தரவு. இரண்டு நாளாக மழை, கூரையோ ஒழுகும்.

"சாவி சார்கிட்ட இருக்கும்மா. அவுக கண்டனூர்ல கல்யாணத்துக்குப் போயிட்டாக," என்றார் வாட்ச்மேன் முத்தையா.

கண்டனூருக்கே போனேன். பெரிய மனிதர் பந்தியில் அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாப்புடுற எடத்துக்குமா மேடம் வருவீக? இது பாதுகாப்பு விஷயம். திங்கக்கெழம வெமானம் ஓட்டுறவரக் கூட்டிக்கிட்டு வாங்க."

"ஓட்டுறதே நான்தான்."

சிரித்தார். பக்கத்து இலைக்காரரையும் சிரிக்கச் சொல்வதுபோல் பார்த்தார். சாவிக்கொத்து இலை ஓரத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டு நடந்தேன். அவர் எழுந்து வரவில்லை. இலையில் பாயசம் மிச்சமிருந்தது.

ஹேங்கரைத் திறந்தால், நட்டநடுவில் அவருடைய புதுக் கார், உறை போர்த்தி, ஒரு சொட்டு ஈரமில்லாமல். கல்யாணத்துக்குப் போனது ஆபீஸ் ஜீப்பில். என் விமானத்தை ஒழுகும் மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். இருக்கையெல்லாம் தண்ணீர்.

கொத்திலேயே கார் சாவியும் இருந்தது. காரை வெளியே மழையில் நிறுத்தினேன். முத்தையாவும் நானும் விமானத்தை நடுவுக்குத் தள்ளித் துடைத்தோம். சாவியை ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

சற்றுமுன் போன் செய்தார். போலீசில் புகார் கொடுப்பாராம். என் பைலட் லைசென்சுக்கு ஏதாவது வந்தால்...

கொடுக்கட்டும். கார் எங்கே நின்றிருந்தது என்பதையும் அதில் எழுதட்டும்.