வீட்டில் படுத்திருந்தவர்களும் வந்துவிட்டார்கள்

என் அருமை அக்கா,

ஜெயித்துவிட்டோம். மற்றதெல்லாம் பிறகு. கூலிமில் உன் தொழிற்சாலைக்காரர்கள் போன வாரம் ரகசிய வாக்கெடுப்பில் நீ தொடங்கிய சங்கத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

முதல் வாக்கெடுப்பை நீ மறந்திருக்க மாட்டாய். அன்றைய முறையில், வராதவர்கள் அனைவரும் சங்கம் வேண்டாம் என்றவர்களாக எண்ணப்பட்டார்கள். சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் நம்மோடு வளர்ந்த மாணிக்கம், உன் சூப்பர்வைசர், அது தெரிந்தே ஒவ்வொரு ஷிப்டிலும் சொன்னான்: “எதுக்கு வம்பு? ரெண்டு பக்கமும் வேணாம்னா வீட்ல படுத்துக்குங்க லா.” படுத்துக்கொண்டார்கள். தோற்றோம்.

அன்று நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். “டேய், ஓட்டுப் போடக் காடியில கூட்டிட்டுப் போடா. ஒரு மணி நேரம் விடுறேன்னு டாக்டரே சொல்லிட்டாரு” என்றாய். நான் காரை எடுத்துக்கொண்டு அலோர் ஸ்டாரில் ஒரு கருத்தரங்கில் தொழிலாளர் உரிமை பற்றிப் பேசப் போய்விட்டேன். சங்கத்தைத் தொடங்கிய உன்னையே அதற்கு எதிரானவளாக எண்ணினார்கள். மாணிக்கத்தை வெறுப்பது எளிது. அன்று எனக்குக் கிடைத்த கைத்தட்டலை நான் என்ன செய்ய?

நீ போன பிறகு பத்திரிகையில் விடாமல் எழுதினேன். சங்கம் வந்தால் வெளிநாட்டு ஆர்டர் போய்விடும் என்றது நிர்வாகம். ரப்பர் விலை விழுந்தபோது நம் அப்பாவிடமும் இப்படித்தான் பயம் காட்டினார்கள். விலை ஏறியபோது யாரும் வாய் திறக்கவில்லை. நாடுகள் கூடிப் பேரம் பேசினால் அது வர்த்தக ஒப்பந்தம், தொழிலாளர்கள் கூடிப் பேசினால் மட்டும் கலகமா என்று கேட்டேன்.

உன் பக்கத்து மேசை லெட்சுமி அதைப் படித்துவிட்டுப் போன் செய்தாள். “நல்லாதான் எழுதுறீங்க அண்ணே. ஓட்டு அன்னிக்குக் காடி இருக்கா?”

இம்முறை நிர்வாகம் அந்த நாளில் ஒரு ஷிப்டுக்கே லீவு கொடுத்தது. கம்பெனி பஸ்ஸும் இல்லை. மாணிக்கம் பழைய பாட்டையே பாடினான். லெட்சுமியும் தோழிகளும் முந்தின வாரமே வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தார்கள். அன்று தொழிற்சாலை வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வந்துகொண்டே இருந்தன, அக்கா. ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து வரிசையில் நின்றார்கள். நான் காரில் ஐந்து நடை ஆட்களை ஏற்றி வந்தேன். பின்சீட்டில் ஒருவர் மெல்லச் சொன்னார்: “போன தடவ அக்காவுக்கு எதிரா நான் போடல சார். படுத்துதான் இருந்தேன்.”

“தெரியும். பெல்ட்டப் போடுங்க” என்றேன்.

வராத சிலரைப் பழைய முறைப்படி எதிர்ப்பக்கம் சேர்த்து எண்ணினாலும் வெற்றி நமக்குத்தான். முடிவு சொன்னதும் லெட்சுமி தன் செருப்பைத் தொலைத்துவிட்டு ஆடினாள்.

மாணிக்கம் கை நீட்டினான். “ஒங்க அக்கா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க.” என் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். திட்டாதே. அவ்வளவு பெரிய மனசு எனக்கு எங்கிருந்து வரும்?

அடுத்தது நிர்வாகத்தோடு ஒப்பந்தப் பேச்சு. லெட்சுமிதான் முன்னால் உட்காரப்போகிறாள். “நீங்க பேசாதீங்க அண்ணே, நாங்க பேசிக்கிறோம்” என்று இப்போதே சொல்லிவிட்டாள். நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய், இல்லையா?

உனக்கு வாக்குத் தருகிறேன்: அவர்கள் பேசும் நாளில் நான் எந்த மேடையிலும் இருக்க மாட்டேன்.

அன்று உன்னைக் கூட்டிப் போகாத
உன் தம்பி