ஓலைக்காரிக்கு மூன்று உயிர்

காடாம்புலியூர்
10.6.2024

அன்புள்ள அகிலாம்மாவுக்குச் சாமியம்மாள் எழுதுவது.

பொள்ளாச்சி வீடு உங்களுக்கும் சாருக்கும் பழகிவிட்டதா? சாரின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே பலாப்பழக் காலம். பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை அந்த வாசம்தான். சார் ரிட்டையராகி நீங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போனதும் நான் சத்யாம்மா வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு "சரிங்கம்மா" தவிர வேறு பேச்சு வராது. உங்கள் வீட்டில் பத்து வருஷம் வேலை பார்த்த பழக்கம். எழுதினால் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவேன்.

நீங்கள் விட்டுப்போன சீட்டுப் பெட்டியைப் பற்றித்தான். உங்கள் தம்பி சீனாவிலிருந்து கொண்டுவந்தாரே, அந்த நாட்டுப் பழைய ராஜாக்கள், தளபதிகள் படம் போட்டது. அது இப்போது சத்யாம்மா வீட்டில் இருக்கிறது. ஞாயிறு மதியம் அங்கேதான் ஆட்டம். நீங்கள் போனதும் நாலு பேர் ஆகிவிட்டார்கள். ஐந்து பேர் இல்லாமல் அது நடக்காதே! ஏப்ரல் கடைசியில் ஒருநாள் சத்யாம்மா, "அங்க நின்னுகினு பாக்கறத இங்க உக்காந்து பாரேன், வா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அதிலிருந்து ஏழு ஞாயிறு ஆடிவிட்டேன்.

ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஓலைக்காரியைத்தான் எடுப்பேன். முதுகில் கடித மூட்டையோடு மலைப் பாதையில் நடக்கிற ஒல்லிப் பெண். மற்றவர்களுக்கு நாலு உயிர், ராஜாவுக்கு ஐந்து. இவளுக்கு மூன்றுதான். அதனால் யாரும் இவளைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் அடிபட்டு ஓர் உயிர் போகும்போதெல்லாம் இவள் சீட்டுக் கட்டிலிருந்து இரண்டு சீட்டு எடுத்து, வேண்டியவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நீங்கள் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்.

நேற்று சத்யாம்மா ராஜா. நான் ஓலைக்காரி. ஆனால் எனக்கு வந்த ரகசியச் சீட்டின்படி நான் அவருடைய மந்திரி, அது யாருக்கும் தெரியாது. ராஜாவுக்கும் எனக்கும் ஆளுக்கு ஓர் உயிர்தான் மிச்சம். ஆதிலட்சுமியம்மா என்னை வெட்டினார். சாவதற்கு முன்னால் இரண்டு சீட்டு எடுத்து ராஜாவிடம் கொடுத்தேன். அதில் ஒன்று உயிர் தருகிற பழம். அதை வைத்து ராஜா பிழைத்து, ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டார்.

ஆதிலட்சுமியம்மா எழுந்துவிட்டார். "செத்தவ எப்படிடி குடுப்பா? இது கள்ளாட்டம்" என்றார். நீங்கள் எழுதிய விதி நோட்டில் அந்தப் பக்கம் பிய்ந்துபோய்விட்டது. "அகிலா சொன்னாத்தான் ஒத்துப்பேன். விதி தெரியாதவகூட எல்லாம் ஆட முடியாது. பக்கத்து குவார்ட்டர்ஸுக்குப் புதுசா வந்திருக்காளே கண்ணகி, அவளைக் கூப்பிட்டுக்கலாம்" என்கிறார்.

நீங்களே சொல்லுங்கள் அம்மா. கடைசி உயிர் போகும்போது ஓலைக்காரி கொடுக்கலாமா, கூடாதா?

உங்கள்
சாமியம்மாள்


பொள்ளாச்சி
18.6.2024

அன்பு சாமியம்மா,

உன் கடிதம் வந்தது. இவ்வளவு அழகாக எழுதுவாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நீ உட்கார்ந்து சீட்டு ஆடுவதைச் சாரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வலி பரவாயில்லை.

நீ கேட்டதில் ஆதிலட்சுமி சொல்வதுதான் சரி என்று படுகிறது. உயிர் போனபின் எப்படிச் சீட்டு எடுப்பது? நான் என்ன எழுதினேன் என்று சரியாக நினைவில்லை. எப்படியானாலும் அவர்களோடு மல்லுக்கு நிற்காதே. விளையாட்டுதானே. சத்யா நல்ல மாதிரி. அவள் வீட்டு வேலை கெடாமல் பார்த்துக்கொள்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் கொஞ்சம் பலாக்கொட்டை கொடுத்தனுப்பு.

அன்புடன்
அகிலாம்மா


காடாம்புலியூர்
24.6.2024

அகிலாம்மாவுக்கு வணக்கம்.

பதில் கிடைத்தது. அதை அப்படியே சத்யாம்மாவிடம் கொடுத்தேன். அவர் எல்லார் முன்னாலும் படித்தார். நேற்று என் இடத்தில் கண்ணகி மேடம் உட்கார்ந்தார். தன்மையானவர். நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன். வேலை எதுவும் கெடவில்லை.

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் மழையில் கரண்ட் போன ஒரு ஞாயிறு. கஸ்தூரியம்மாவிடம் ஓலைக்காரி இருந்தாள். கடைசி உயிரை நீங்கள்தான் வெட்டினீர்கள். அவர் சீட்டைக் கவிழ்த்து வைக்கப் போனார். நீங்கள் தடுத்து, "இரு கஸ்தூரி. அடிபட்டதும் முதல்ல அவளோட சக்தி, அப்புறந்தான் சாவு. ரெண்டு சீட்டு எடு, அது அவ உரிமை" என்றீர்கள். அவர் எடுத்துக் கொடுத்த சீட்டால் உங்கள் பக்கமே தோற்றது. நீங்கள் சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் குலுக்கினீர்கள்.

நான் டீ டம்ளர் தட்டோடு உங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தான் தோற்றாலும் விதியை விதியாகச் சொல்கிறாரே என்று அன்றைக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அதனால்தான் உங்களுக்கு எழுதினேன். நான் ஜெயித்ததாகச் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. கஸ்தூரியம்மாவுக்கு ஒரு விதி, எனக்கு ஒரு விதி என்று உங்களிடம் இருக்காது என்று நினைத்தேன்.

பலாக்கொட்டை காயவைத்திருக்கிறேன். சத்யாம்மாவின் அண்ணன் அடுத்த வாரம் கோயம்புத்தூர் வருகிறாராம். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு
சாமியம்மாள்


பொள்ளாச்சி
8.7.2024

அன்புள்ள சாமியம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. அந்த மழை ஞாயிறு அப்படியே நினைவுக்கு வந்துவிட்டது. தம்பிக்குப் போன் செய்தேன். அந்த ஆட்டத்தின் விதியை அவன் சீனாவில் உள்ள நண்பர் ஒருவரைப் படித்துச் சொல்லச் சொன்னான். நீங்கள் ஆடியதுதான் சரி. முதலில் சக்தி, பிறகுதான் சாவு. இதைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சத்யாவுக்கு அனுப்பியிருக்கிறேன். எட்டுப் பேர் வரை ஆடலாம் என்பதையும் அதில் சேர்த்திருக்கிறேன்.

விதி மறந்துபோனது உண்மை. மறந்தால் விசாரித்துச் சொல்கிறேன் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? கேட்டது கஸ்தூரியாக இருந்தால் அன்றைக்கே விசாரித்திருப்பேன். கேட்டது நீங்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பொங்கல் விடுமுறையில் புஷ்பவல்லி ஊருக்குப் போயிருந்தாள். நாங்கள் நாலு பேர். நீங்கள் சமையலறை வாசலில் நின்றிருந்தீர்கள். சத்யா உங்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான், "இன்னிக்கு ஆள் இல்ல, கலைச்சிடலாம்" என்றேன். ஆள் இருந்தது எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

சத்யாவிடம் நேற்று அரைமணி நேரம் பேசினேன். முழுக்க உங்கள் ஆட்டம்தான். "அவளை அடிச்சா ரெண்டு சீட்டு யாருக்கோ போவுது அக்கா. அடிக்காம வுட்டா கையில இருக்கறத வச்சே நம்மள முடிச்சிடறா. மொத ரெண்டு அடிய வேணும்னே தடுக்காம வாங்கிக்கிறா. ஒத்த உசுர வச்சிகினு மொத்த ஆட்டத்தையும் அவதான் நடத்தறா" என்றாள். நான் நாலு வருஷம் ஆடியவள். அந்த ஓலைக்காரி கைக்கு வந்தால் சோனி என்று தள்ளிவிடுவேன். அவளை வைத்து இப்படி ஆடலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஓர் உயிரோடு உட்கார்ந்திருக்கப் பயமாக இருக்காதா?

ஆகஸ்டில் சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறோம். உங்களைப் பார்க்க வேண்டும். உங்களுக்குச் சம்மதமென்றால்.

பலாக்கொட்டை வந்து சேர்ந்தது. நன்றி.

அன்புடன்
அகிலா


காடாம்புலியூர்
22.7.2024

அகிலாக்காவுக்கு,

அக்கா என்று எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்தேன்.

நேற்று சத்யாம்மா உங்கள் தாளை உரக்கப் படித்தார். ஆதிலட்சுமியம்மா அதை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். பிறகு அவரே உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். "எட்டுப் பேரு வரைக்கும் ஆடலாமாமே? உக்காரு. ஆனா இன்னிக்கு உன்னைத்தான் முதல்ல வெட்டுவேன்" என்றார். சொன்னபடி வெட்டவும் செய்தார். நான் இரண்டு சீட்டு எடுத்துக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான். நேற்று நாங்கள் தோற்றோம். ஆனாலும் வீடு வரும்வரை எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த வாரம் ஓலைக்காரியைத் தனக்குத் தரும்படி கண்ணகி மேடம் கேட்டிருக்கிறார்.

பயமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் ஞாயிறு ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் போட்டேன். ஆனால் மூன்று உயிர் இருக்கும்போதுதான் எனக்குப் பயம், எப்போது குறையுமோ என்று. ஒன்றாகிவிட்டால் அந்த யோசனை போய்விடும். யாரிடம் என்ன சீட்டு, யார் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்ப்பேன். அடுத்தவர்கள்தான் என்னை வெட்டலாமா வேண்டாமா என்று குழம்புவார்கள்.

அந்தப் பொங்கல் நாள் எனக்கும் நினைவிருக்கிறது. கோபம் வந்தது, இல்லையென்றால் பொய். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். ஊர் வரும்வரை உங்கள் நாலு பேரோடு மனசுக்குள்ளேயே ஒரு ஆட்டம் ஆடி முடித்தேன். நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு பாதி கோபம் போய்விட்டது. மீதியை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

கல்யாணம் முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். சத்யாம்மா எல்லாரையும் கூட்டிக்கொண்டு பெட்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சாருக்கு மட்டும் நாற்காலி போடுகிறேன். நமக்கெல்லாம் பாய்தான். அன்றைக்கு டீ என் வீட்டுக்காரர் போடுவார், அவரிடம் சொல்லிவிட்டேன்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன் அக்கா. உங்களுக்கு ராஜா சீட்டும் எனக்கு எதிரிச் சீட்டும் வந்தால், நான் வெட்டுவேன். பார்த்து ஆடுங்கள்.

சாமியம்மாள்