கிழக்கு மேட்டு மனைகள்

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உன் மகன் வந்திருந்தான். கையில் நீளமான தகரக் குழாய். "அப்பா இத உங்ககிட்ட குடுத்துடச் சொன்னாருங்க" என்று வைத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான். மூடியைத் திறந்ததும், படத்துக்குப் பிரதி எடுக்கும் அமோனியாவின் நெடி. இத்தனை வருடத்தில் அது போயிருக்க வேண்டும். எனக்குத்தான் தோன்றியதோ என்னவோ. உள்ளே நம்மூரின் வளர்ச்சித் திட்டப் படம், நாம் முதன்முதலில் போட்டது. கிழக்கு மேட்டில் நீ கலர் பென்சிலால் பூசிய மஞ்சள் அப்படியே இருக்கிறது. மஞ்சள் என்றால் குடியிருப்பு.

இதைக் கிழித்துப் போட்டுவிட்டதாகத்தானே சொன்னாய்?

எழுபதுகளின் கடைசி அது. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் பஸ் நின்று போகிற சின்ன ஊர் நம்முடையது. இன்னும் இருபது வருடத்துக்கு எந்த நிலம் எதற்கு என்று எழுதி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தபோது, படம் வரைய உன்னை அனுப்பினார்கள். சர்வே நம்பர் பதிவேடுகளோடு உன்னுடன் அலைய வேண்டியவன் குமாஸ்தாவாகிய நான். ஒரே சைக்கிள். நான் மிதிப்பேன், நீ பின்னால் நிலம் அளக்கும் சங்கிலியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவாய். மூன்று மாதம் தெருத் தெருவாகப் போய், ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். பஸ் நிற்க இடம், பெண்களுக்குக் கழிப்பிடம், பிள்ளைகள் ஓட ஒரு மைதானம். யார் சொன்னாலும் நீ எழுதிக்கொண்டாய். "ஜனங்க நடந்து நடந்து போட்ட தடம் எங்க கீதோ அதாம்பா ரோடு. நாம மேல மை தடவறோம், அவ்ளோதான்" என்பாய். அந்தப் பேச்சில்தான் நான் விழுந்தேன்.

ஏரிக்கரைக்கு அடியில் இருபது இருளர் குடும்பங்கள் இருந்தன. கரையைப் பலப்படுத்த அவர்கள் அங்கிருந்து காலி செய்தாக வேண்டும். பள்ளிக்கூடத்தை ஒட்டிய கிழக்கு மேட்டை அவர்களுக்கு மனையாகக் கொடுக்கலாம் என்று சொன்னவன் நீதான். அவர்களிடம் பேசப் போனவன் நான். செல்லி என்ற பெண்தான் எல்லாருக்குமாகப் பேசினாள்.

"கரைய வுட்டா எங்களுக்கு இன்னா கீது சார்? இங்கன்னா மீனாவது கெடைக்குது. தொரத்திட்டு அப்பால கைய விரிச்சுட்டா?"

"கெழக்கு மேட்டுல மனை. படத்துல போட்டாச்சு. நான் சொல்றேன்" என்றேன்.

"படத்தப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? நீ சொல்றே, வர்றோம்" என்றாள்.

ஆவணியில் குடிசைகளைப் பிரித்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான் நீ கடைசிப் படத்தோடு என் வீட்டுக்கு வந்தாய். என் மனைவி உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். இலையில் உட்கார்ந்தபடியே, "நாளைக்கு அனுப்பணும்பா, ஒப்பிட்டுப் பாத்ததா ஒரு கையெழுத்து போட்டுடு" என்றாய். பதிவேட்டோடு ஒப்பிட வேண்டியது என் வேலை. நான் படச் சுருளை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தை மட்டும் பிடித்துக் கையெழுத்துப் போட்டேன். நீ இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாய்.

மனைகளுக்கு எல்லைக் கல் நட்ட அன்று செல்லி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். "இன்னா சார், நீ சொன்ன எடம் இதுவா?" ஓடிப் போய்ப் பார்த்தேன். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் கால்வாய்ப் பள்ளத்தில் கற்கள் நின்றன. மேட்டில் அரிசி ஆலைக்காரரின் ஆட்கள் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

உன்னைத் தேடிப் பிடித்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை.

"மேல சொன்னாங்க, மாத்தினேன். நான் கோடு போடறவன்பா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ கையெழுத்து போட்டிருக்க மாட்டியே" என்றாய்.

ஐப்பசி மழையில் குடிசைகளுக்குள் முழங்கால் தண்ணீர். பள்ளிக்கூட வராந்தாவில் எட்டு நாள் கிடந்தார்கள். அதில் ஏழு குடும்பங்கள் ஊருக்குத் திரும்பவே இல்லை, செங்கல் சூளைக்குப் போய்விட்டன. பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், படம் மாற்றப்பட்டிருக்கிறது என்று நானே மேலிடத்துக்கு எழுதினேன். விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனுஷர். "முதல் படத்தைக் காட்டுங்கள், போதும்" என்றார். நீ உடம்பு சரியில்லை என்று லீவு எழுதி அனுப்பினாய். முதல் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன் என்று அதிலேயே ஒரு வரி. வேலையில் கவனமில்லாதவன் என்று என் பெயரில் குறிப்பு எழுதி, வேறு ஊருக்கு மாற்றினார்கள். மேட்டில் ஆலை வந்தது, நெல் காயும் களம் வந்தது. பள்ளத்தில் இருந்தவர்கள் தலைச்சுமையாக மண் கொட்டிக் கொட்டித் தரையை உயர்த்திக்கொண்டார்கள். எண்பதுகள் முடியும்போது அங்கேயே பட்டா கிடைத்தது.

உனக்குப் பயம் இருந்திருக்கும். பிள்ளைகள் சின்னவர்கள், ஆலைக்காரருக்கு மேலிடம் வரை செல்வாக்கு. இதையெல்லாம் உனக்காக நானே எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் கிழிக்காமல் வைத்திருந்தாயே! பயந்தவன் கிழித்திருப்பான். நீ பத்திரமாக வைத்துக்கொண்டு, தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு வாழ்த்துக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தாய்.

நேற்று அந்தப் பள்ளத்துக்கு, செல்லி வீட்டுக்குப் போனேன். கண் மங்கிவிட்டது, குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுகொண்டாள். நீ போய்விட்டதைச் சொன்னேன். நீ எனக்குச் செய்ததையும் முதல்முறையாக முழுக்கச் சொன்னேன். என் பக்கம் ஒரு வார்த்தை பேசுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"அவரு உன்ன ஏமாத்துனாரு, சரி. எங்களுக்கு அவர இன்னா சார் தெரியும்? குடிசையப் பிரிங்கன்னு வந்து சொன்னது நீதானே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, எனக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துவர எழுந்து போனாள்.

அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். உன்னை நான் மன்னிக்கவில்லை. அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.