கிணற்றில் இறங்கிய மஞ்சள்

நவம்பர் 9, வெள்ளி

காலையிலிருந்து மேகம். மழை இல்லை. தெருவில் பட்டுப் பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்தார்கள். பள்ளிக்குச் சுவரை உரசிக்கொண்டே போனேன். பை நூலில் பட்டுவிட்டால் அப்பா ஒரு வாரம் பேச மாட்டார்.

வேதியியல் வகுப்பு. கரையும் உப்புகள், கரையாத உப்புகள். முதல் வரி: நைட்ரேட்டுகள் எல்லாம் நீரில் கரையும். விதிவிலக்கே இல்லை. மனப்பாடம் செய்ய வசதி என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த பாரா வெடிமருந்து. பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், கரி. அதற்குள் மணி அடித்துவிட்டது.

மாலை, கிணற்றடியில் குடத்தோடு நிற்கும்போதுதான் இரண்டு பாராவும் ஒன்றாகச் சேர்ந்தன.

எழுதி வைக்கிறேன், யோசிக்க வசதியாக இருக்கும். எங்கள் தெருவில் யாரும் வாசலில் பட்டாசு வெடிப்பதில்லை. வீட்டுக்கு வீடு தறி, தறி நிறையப் பட்டு. ஒரு பொறி போதும். அதனால் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தீபாவளி என்றால் பொதுக் கிணற்று மேடைதான். திறந்த இடம், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். ஆயிரம்வாலாவைக் கிணற்றைச் சுற்றி மாலை போட்ட மாதிரி வைப்பார்கள். எல்லாம் முடிந்ததும் பெண்கள் குடம் குடமாக ஊற்றி மேடையைக் கழுவிக் கோலம் போடுவார்கள். பளிச்சென்று இருக்கும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

அக்கா பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் இங்கேதான். பாப்பாவுக்கு மூன்றாவது மாதம். தாய்ப்பால் போதவில்லை. பால் மாவு, புட்டி. கரைப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்.

நூலகப் புத்தகம் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 10, சனி

சிறப்பு வகுப்பு. வேதியியல் மிஸ்ஸைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். காய்ச்சித்தானே கொடுக்கிறோம், சரியாகிவிடாதா என்று.

"கொதிச்சா கிருமி சாகும்மா, உப்பு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாத்தான் ஆகும்."

பெரியவர்களை விடக் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்தாம். நைட்ரேட் அதிகமானால் ரத்தம் ஆக்சிஜனைச் சரியாகச் சுமக்காதாம். உதடும் நகமும் நீலம் பாயுமாம். ஆனால் உங்கள் கிணற்றில் எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்காமல் சொல்ல முடியாது என்றார். தீபாவளி விடுமுறை முடிந்து, 19ஆம் தேதி திங்கட்கிழமை ஒரு பாட்டிலில் கொண்டு வரச் சொன்னார். தெரிந்த கல்லூரியில் கொடுத்துப் பார்ப்பாராம்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் புதன்கிழமை வருகிறது. புதன்தான் தீபாவளி.

மாலை மேடையைச் சுற்றிப் பார்த்தேன். கிழக்குப் பக்கம், கிணற்றுச் சுவர் ஓரமாக ஒரு விரிசல். இரண்டு விரல் போகிறது. ஹேர்பின்னால் நோண்டினேன். உள்ளே போன வருஷத்துச் சிவப்புக் காகிதம், வெளுத்துப்போய்.

பாப்பாவின் நகங்களைப் பார்த்தேன். ரோஜா நிறம். சாப்பிட்ட பிறகு மறுபடி பார்த்தேன். அக்கா, "இன்னாடி, நகம் வெட்டப் போறியா?" என்றாள். சொன்னேன். சிரித்தாள். "நீ வளர்ந்ததே இந்தத் தண்ணியிலதான். நீலமாவா ஆயிட்ட?"

எனக்கு யாரும் புட்டிப்பால் கொடுக்கவில்லை என்பது படுத்த பிறகுதான் தோன்றியது.

நவம்பர் 11, ஞாயிறு

வெயில், புழுக்கம். தையல்காரர் பாவாடையை இன்னும் தரவில்லை.

இன்றைக்கு மும்தாஜின் தெருக் கைப்பம்பிலிருந்து பாப்பாவுக்கு ஒரு குடம். (மும்தாஜ் என் வகுப்பு, என் பெஞ்சு. இனி மு.) எங்கள் தெருமுனையில் தார் ரோட்டைக் கடந்தால் அவர்கள் தெரு. பம்பு அவள் வீட்டை ஒட்டியே. போகும்போது சைக்கிள் தானாக உருண்டுபோகும், அவ்வளவு சரிவு. திரும்பும்போது குடத்தோடு மூச்சு வாங்கிவிட்டது.

அம்மாவுக்குக் கோபம். "இனிக்கிற தண்ணி வாசல்ல இருக்குது. இவ போய் எந்தப் பம்புலயோ தூக்கிக்கினு வர்றா." ஆனாலும் கொட்டவில்லை. அந்தக் குடம் சமையலறை மூலையில் தனியாக இருக்கிறது.

துரைசாமி மாமாவிடம் போனேன். தெருவில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்படிதான். பட்டாசு வாங்குவதும் அவர். ஆண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் சேகரும். கிணற்றடியில் இந்த முறை வேண்டாம் மாமா என்றேன், காரணம் எல்லாம் சொன்னேன். நைட்ரேட் என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"வாங்க டாக்டரம்மா," என்றார். "வருசத்துக்கு ஒரு நாளு. அதுக்குக் கெணறு கோச்சிக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். சேகர் கொஞ்சம் அதிகமாகவே. வீட்டுக்கு வந்ததும் சண்டை. இனிமேல் தன்னை டாக்டரம்மா அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்களாம், மானம் போய்விட்டதாம்.

வேறு எங்கே வெடிக்கலாம்:
வாசல் – பட்டு.
நெல் மில் களம் – தவிடு, வைக்கோல். பற்றிக்கொள்ளும்.
பள்ளி மைதானம் – பூட்டு.
வேகவதி ஆற்று மணல் – மணலுக்குக் கீழேயும் தண்ணீர்தானே.
தெருமுனை, தார் ரோடு – பரவாயில்லை?

மனசு ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. ஆங்கிலப் பாடம் ஒரு பக்கம் கூடப் படிக்கவில்லை.

நவம்பர் 12, திங்கள்

விடுமுறை. மு.விடம் எல்லாம் சொன்னேன். அவள் அப்பா தகர வேலை செய்பவர். பெரிய மூடி அடித்துத் தரச் சொல்கிறேன், கிணற்றை மூடிவிடு என்றாள். மேலே மூடினால் விரிசல் வழியாகப் போவதை எப்படித் தடுப்பது என்றேன். ஊறுகாயை நக்கிக்கொண்டே யோசித்தோம்.

அப்போதுதான் சாயத் தண்ணீர் ஞாபகம் வந்தது. எங்கள் கிணற்றடியில் யாரும் சாயம் போட்ட பட்டை அலச மாட்டார்கள். கண்டிப்பு. எப்போதோ ஒருவர் அரக்குப் பட்டை அங்கே அலசி, மறுநாள் எல்லார் குடத்திலும் ரோஜா நிறத்தில் தண்ணீர் வந்ததாம். துரைசாமி மாமாவே சொல்லும் கதை. நிறம் இருந்ததால் நம்பினார்கள். பட்டாசு உப்புக்கு நிறம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நிறம் கொடுத்தால்?

சாயம் கூடாது. மஞ்சள் கரைக்கலாம். யாருக்கும் கெடுதல் இல்லை.

மாலை, கிணற்றடியில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் கரைத்து எடுத்துப் போனேன். ஆயிரம்வாலா வைக்கும் இடத்தில், விரிசல் மேல், மெதுவாக ஊற்றினேன். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எந்த அம்மனுக்கு வேண்டுதல் என்று ஒருத்தர் கேட்டார். துரைசாமி மாமா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"கொஞ்சம் உள்ள பாருங்க மாமா," என்றேன்.

அவர் பார்க்கவில்லை. சேகர்தான் முதலில் எட்டிப் பார்த்தான். கிண்டல் செய்யத்தான் எட்டினான் என்று நினைக்கிறேன். பிறகு அப்படியே நின்றுவிட்டான்.

"மாமா, மஞ்சளா இறங்குது."

எல்லாரும் சுவரில் சாய்ந்தார்கள். உள்சுவரில், உறை வளையங்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் கோடு. பாசி மேல் வழிந்து, தண்ணீரைத் தொட்டு, அங்கே புகை மாதிரி விரிந்தது. கயிறு ஓடும் சகடை கூட நின்றுவிட்டது. அக்காவும் பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு பார்த்தாள்.

மாமா துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "சரி. இந்த வாட்டி முனையில வெச்சிக்கலாம். தார் ரோட்டுல. பட்டெல்லாம் உள்ள எடுத்துடுங்கபா." கிளம்பும்போது என்னைப் பார்த்து, "டாக்டரம்மா, அந்த எடத்த நல்லா தொட. வழுக்கும்," என்றார்.

சேகர் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் சிமெண்ட் எங்கே கிடைக்கும் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

நவம்பர் 13, செவ்வாய்

அதிரசம் எண்ணெயில் உதிர்ந்துவிட்டது. அம்மா மாவைக் குறை சொல்கிறாள், அக்கா பாகை.

காலையில் அப்பாவும் சேகரும் விரிசலை அடைத்தார்கள். அப்பா தறியை விட்டு எழுந்து வந்ததே ஆச்சரியம். பத்து மணிக்கு மு.வின் அப்பா நாங்கள் கேட்ட மூடியோடு வந்தார். பழைய எண்ணெய் டிரம் தகரம். தட்டி நிமிர்த்தி, ஓரம் மடித்து, நடுவில் கைப்பிடி. கூலி வேண்டாம் என்றார். சனிக்கிழமை ரம்ஜான் நோன்பு ஆரம்பிக்கிறது, அதற்கு முன்னால் உங்கள் வீட்டு அதிரசம் அனுப்பும்மா என்றார். உதிர்ந்ததையா அனுப்புவது? முறுக்கு அனுப்பினோம்.

பாப்பாவுக்குப் பம்பிலிருந்து இன்னொரு குடம். இன்றைக்கு அம்மா எதுவும் சொல்லவில்லை. என் இடுப்பிலிருந்த குடத்தை அவளே இறக்கி வைத்தாள்.

பாவாடை வந்துவிட்டது. நீளம் அதிகம்.

நவம்பர் 14, புதன். தீபாவளி

எண்ணெய்க் குளியல். கண் எரிச்சல். தெருவில் ஒரு நூல் கூட இல்லை, எல்லாக் கதவும் சாத்தி.

ஆயிரம்வாலா தெருமுனையில். தார் ரோடு தெரியாத அளவுக்குச் சிவப்புக் காகிதம். சின்னப் பிள்ளைகள் பழக்கத்தில் மத்தாப்போடு கிணற்றடிக்கே ஓடினார்கள். அக்காதான் விரட்டினாள். "இங்க இன்னா வேல? முனைக்குப் போங்கடா." சனிக்கிழமை என்னைப் பார்த்துச் சிரித்த அதே அக்கா.

கிணற்று மேடை காய்ந்து, சுத்தமாக, மூடி பளபளவென்று. நான் பெரிய ஆள் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தேன்.

இட்லி சாப்பிட்ட பிறகு மழை. நல்ல மழை. எனக்குச் சந்தோஷம். பெய்யட்டும், கிணறு மூடியிருக்கிறது, விரிசல் அடைத்திருக்கிறது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். காகிதம் எல்லாம் மிதந்து போய்க்கொண்டிருந்தது. தார் ரோட்டைத் தாண்டி, கீழே.

கீழே.

குடை எடுக்கவில்லை. பம்பைச் சுற்றிக் கரித் தண்ணீர் கணுக்கால் வரை. பம்பின் அடிமேடை நாலு பக்கமும் உடைந்திருந்தது. மு. குடத்தோடு நின்றுகொண்டு, காலால் காகிதத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க தெரு வெடி செம ஜோர்டி பவானி. எங்க வீட்டு ஜன்னலே ஆடிச்சி," என்று சிரித்தாள்.

நான் சொல்லவில்லை. திரும்பி ஓடினேன்.

துரைசாமி மாமாவிடம் போய்ச் சொன்னேன். நம்ம கிணறு தப்பித்தது இல்லையா, அப்புறம் என்ன என்றார். துடைப்பம் கேட்டேன். வாங்கிக்கொண்டு வந்தேன். சேகர் எதுவும் கேட்காமல் சாக்கு கொண்டு வந்தான். மழையில் வாரினோம். வார முடிந்தது காகிதம் மட்டும். கரைந்ததை எப்படி வாருவது?

சாக்குகள் இப்போது எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில். எங்கே கொட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

சரிவு எனக்குத் தெரியும். குடத்தோடு ஏறிய சரிவு. ஞாயிற்றுக்கிழமை 'பரவாயில்லை?' என்று எழுதி வைத்திருக்கிறேன். சமையலறை மூலையில் நேற்றுப் பிடித்த குடம் இருக்கிறது. அது நேற்றைய தண்ணீர், பாப்பாவுக்குக் கொடுக்கலாம். நாளைக்கு?

நவம்பர் 15, வியாழன்

தூறல் விடவில்லை.

காலையிலேயே மு. வீட்டுக்கு. எல்லாம் சொன்னேன். அவள் தாவணி முனையை முறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"முனையில வைக்கப் போறோம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல? நாங்களும் ஒரு வார்த்த சொல்லியிருப்போம்."

அவர்கள் தெருவில் யாரையும் நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. மூடி மட்டும் கேட்டோம்.

அவள் அப்பா, உன் மஞ்சள் வித்தையை இங்கேயும் காட்டு என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பம்படி முழுக்க மஞ்சள் ஊற்றினேன். அவர் தகர வாளியை வைத்தார், மு. கைப்பிடியை அடித்தாள். முதலில் வெறும் தண்ணீர். அவள் அம்மா பெருமூச்சு விட்டார். இன்னும் அடி என்றார் அவர். அடித்தாள். வாளி பாதி ஆவதற்குள் நிறம் மாறிவிட்டது.

அவர் வாளியைத் தூக்கிச் சாக்கடையில் கொட்டினார்.

திங்கட்கிழமை மிஸ்ஸிடம் இரண்டு பாட்டில் கொடுக்க வேண்டும். ஒன்று எங்கள் கிணறு, ஒன்று இவர்கள் பம்பு. அதுவரைக்கும் கிணற்றுக்கு வா என்று மு.வைக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றாள். அவள் அப்பாதான் குடத்தை எடுத்துக் கொடுத்தார்.

கிணற்றடியில் நாலைந்து பேர். மு. இடுப்பில் குடத்தோடு என் பின்னால். அவர்கள் தெருவிலிருந்து இங்கே யாரும் தண்ணீர் எடுக்க வந்ததில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அம்மாவும் அங்கேதான் இருந்தாள். மூடி மேல் மழை தட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா கயிற்றை மு.வின் கையில் கொடுத்தாள். மூடியைத் தூக்க நான் கை வைத்தேன், மழையில் இறுகி அசையவில்லை.

"அப்டி இல்லடி, திருப்பித் தூக்கணும்," என்று மு. கைப்பிடியைத் திருப்பித் திறந்தாள்.